பழுப்புக் குப்பிக்குள் போன மஞ்சள் பொடி

ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டுகிறவர்கள் இயந்திரத்தை நம்புகிறார்கள். அந்த இயந்திரம் சரியாகச் சொல்கிறதா என்று யார் பார்ப்பது என்ற கவலை அவர்களுக்கு இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. அந்தக் கவலையைப் படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர்களில் நானும் ஒருவன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், முன்பு சுக்கு மூட்டை அடுக்கியிருந்த ஒரு கிடங்கில், ஓய்வு பெறும்வரை அந்த வேலையைத்தான் செய்தேன்.

சமீபத்தில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் மூலப்பொருள் தேர்வு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நிறம், தெளிவு, தூய்மை என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். ஒரு பெண் எழுந்து, எல்லாச் சோதனையிலும் தேறிய பொருள் பிறகு கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். "திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டு நேராகச் சாயா குடிக்கப் போய்விட்டேன். அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லேப்பில் காலையில் இயந்திரத்தைப் போட்டதும் நோயாளியின் ரத்தத்தை வைக்க மாட்டார்கள். சின்னக் குப்பியில் வரும் ஒரு சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, முதலில் வைப்பார்கள். அதில் சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று கூட வரும் தாளில் அச்சடித்திருக்கும். இயந்திரமும் அதையே சொன்னால் அன்றைக்கு அதை நம்பலாம். வேறு எதையாவது சொன்னால் எங்கேயோ கோளாறு. இந்தக் குப்பிக்குக் கன்ட்ரோல் என்று பெயர். அதைத்தான் நாங்கள் தயாரித்தோம். அதற்குள் போகும் சரக்கைப் பார்த்து எடுப்பது என் பாடு.

எங்களுடையது பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்து நிலைத்த தமிழ்ப் பிராமணக் குடும்பம். அப்பா மிளகு வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதினார். பிள்ளை வேதியியல் படித்துவிட்டு ரத்த வங்கியிலிருந்து பிளாஸ்மாப் பைகளை ஐஸ் பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தான். அம்மா ஆரம்பத்தில் என்னை வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றுவாள். போகப் போக, காலைக் கழுவினால் போதும் என்று சட்டத்தைத் தளர்த்திவிட்டாள். கம்பெனியில் எல்லோருக்கும் நான் 'சாமி'. ரத்தம் பொறுக்குகிற சாமி என்று கேலி செய்வார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

எங்கள் தர அதிகாரி வர்கீஸ் சார். வைப்பின் தீவிலிருந்து படகில் வருவார். கோயம்புத்தூரில் படித்தவர் என்பதால் என்னிடம் தமிழில்தான் பேசுவார், ஆனால் மலையாளம் பாதி வழியில் இறங்காமல் கூடவே வரும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு பிளாஸ்மாப் பையையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், பின்னால் ஒரு அச்சடித்த காகிதத்தைப் பிடித்து, எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார். கொழுப்பு மிதந்து பால் மாதிரி கலங்கியிருந்தால் ஒதுக்கிவிடுவார். ரத்த அணு உடைந்து இளஞ்சிவப்பாக இருந்தாலும் அப்படியே. நோய்க்கிருமி இல்லை என்று ரத்த வங்கி சோதித்த பையை நாங்களும் ஒருமுறை சோதிப்போம், தனித்தனியாக. கலந்த பிறகு சோதித்தால் என்ன என்று நான் புதிதில் கேட்டேன். "பத்துப் பேர் சோறு ஒரு பாத்திரத்தில போட்டு, பின்னே யார்டெ சோத்தில கல்லுன்னு நோக்குவியா சாமி?" என்றார்.

பிளாஸ்மாவைச் சீரமாக்கிய பிறகு அதில் வேண்டியதைச் சேர்க்க வேண்டும். பிறந்த குழந்தைகளுக்கான கன்ட்ரோலில் முக்கியமானது பிலிரூபின். ரத்தத்தில் பழைய சிவப்பணுக்கள் உடைவதால் வரும் மஞ்சள் அது. பச்சைக் குழந்தைக்கு அது அளவு மீறினால் மூளையைத் தாக்கும். கொஞ்சம் அதிகமானால் நீல விளக்கின் கீழே கிடத்துவார்கள். மிகவும் அதிகமானால் குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றுவார்கள். விளக்கா, ரத்தமா என்பதை லேப் சொல்லும் எண்தான் தீர்மானிக்கிறது.

செங்கல் நிறத்தில் பொடியாக, கறுப்புக் காகிதம் சுற்றிய குப்பியில் பிலிரூபின் வரும். மாடு, பன்றி இவற்றின் பித்தத்திலிருந்து எடுப்பது. நம் வீடுகளில் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் கோரோசனையிலும் முக்கால்வாசி இதுதான். "நம்ம அங்காடிக் கடையிலேயே கிடைக்குமே சார், இடிச்சுப் போட்டா ஆச்சோன்னோ" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவர் சிரிப்பதில்லை.

வெளிச்சம் பட்டால் அந்தப் பொடி சிதையும். சிவப்பு பல்பு மட்டும் எரியும் ஓர் அறையில் வைத்துத்தான் குப்பியைத் திறப்போம். கரைத்து, ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்தால் தூய்மை தெரியும். ஆனால் பிலிரூபின் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு. உடம்பில் இருப்பது ஒன்று. பித்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பக்குவம் தவறினால் உண்டாவது வேறு. நிறத்தில் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், பக்குவம் தவறி வந்தவை மட்டும் சீக்கிரம் வெளுத்துவிடும். அதைப் பிடிக்க வழி காத்திருப்பதுதான். கொஞ்சம் சீரத்தில் கலந்து, பழுப்புக் குப்பிகளில் அடைத்து, குளிர்பெட்டியில் மாதக் கணக்கில் வைத்து, அவ்வப்போது ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். குறுக்கு வழி ஒன்றும் உண்டு. சூட்டில் சில நாள் வைத்துப் பார்த்து, குளிரில் சில மாதம் இப்படித்தான் இருக்கும் என்று கணக்குப் போடுவது. பழகிய சரக்கு என்றால் அந்தக் கணக்கு சரியாக இருக்கும். புதிய சரக்குக்கு அதை நம்பக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே வர்கீஸ் சார்தான்.

ஒரு மழைக்காலத்தில், வழக்கமாகப் பொடி தந்த கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்டது. எங்களிடம் இருந்த கன்ட்ரோலும் தீர்ந்தது. ஆலப்புழையிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் லேப்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். குழந்தைகள் வார்டு இருக்கிற ஆஸ்பத்திரிகள் அவை. கன்ட்ரோல் இல்லாமலே மஞ்சள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி வேறொரு கம்பெனியின் பொடியைத் தருவித்தார். தூய்மையில் பழையதைவிட ஒரு படி மேல். சூட்டுச் சோதனையிலும் அசையவில்லை.

"குளிர்லயும் வச்சுப் பார்த்துடலாம் சார்" என்றேன். நான் பெரிய தீர்க்கதரிசி என்று இல்லை. அவர் வழக்கமாகச் சொல்வதை அவருக்கு முன்னால் சொன்னேன், அவ்வளவே.

"மூணு மாசம் அவங்க கண்ணை மூடிட்டு ஓட்டணும் சாமி. அதைவிட இது பேதம்" என்றார். பேதம் என்றால் மலையாளத்தில் 'பரவாயில்லை' என்று அர்த்தம். அவர் பணத்துக்காகவோ முதலாளிக்காகவோ அந்தப் பொடியை எடுக்கவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுகிற லேப்களை நினைத்துத்தான் எடுத்தார்.

சரக்கு போன பிறகு ஒரு புகாரும் இல்லை. மழை விட்டு வெயில் வந்த சமயம், பக்கத்திலிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேப்பிலிருந்து ஷைனி கூப்பிட்டாள். இன்னும் சில குப்பிகள் வேண்டுமாம். எங்கள் எல்லோருக்கும் வேண்டிய பெண். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாமி, உங்க மஞ்சள் கன்ட்ரோல் நல்லதாக்கும் கேட்டோ. ஆட்டம் ஒண்ணும் இல்ல. மெதுவா குறைஞ்சிட்டு வரும், அவ்வளவுதான். இடைக்கிடை ஃபாக்டர் கொஞ்சம் ஏத்திக் கொடுத்தா கரெக்டா வந்து நிக்கும்."

எதிர் மேஜையில் இருந்த வர்கீஸ் சார் எழுந்து வந்து போனைக் கையில் எடுத்தார்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். சின்ன லேப் இயந்திரங்களில் ஃபாக்டர் என்று ஓர் எண் உண்டு. பார்த்த நிறத்தை அந்த எண்ணால் பெருக்கித்தான் இயந்திரம் முடிவைச் சொல்லும். கன்ட்ரோல் குறைவாகக் காட்டினால் டெக்னீஷியன் அந்த எண்ணை லேசாக ஏற்றுவார். கன்ட்ரோல் உடனே தாளில் உள்ளபடி வந்துவிடும். அப்படிச் செய்யாதீர்கள் என்று எல்லாப் பயிற்சியிலும் தொண்டை வற்றச் சொல்வோம். தலையை ஆட்டிவிட்டுப் போய் எல்லோரும் செய்வார்கள். கன்ட்ரோல் கம்பெனி பொய் சொல்லாது என்ற நம்பிக்கை. அவர்களுடைய இயந்திரம் சரியாகவே இருந்து, எங்கள் குப்பி கெட்டுப்போயிருந்தால் என்ன ஆகும்? குப்பியைத் தூக்கிவிடுவதற்காக ஏற்றிய எண், அன்று வருகிற எல்லாக் குழந்தைகளின் மஞ்சளையும் தூக்கிக் காட்டும்.

"எத்தற ஏத்தி, ஷைனி?" என்று சார் கேட்டார். அவள் அளவைச் சொன்னாள். "அவிடெ குழந்தைகள் வார்டு உண்டு, அல்லே?" என்று தெரிந்ததையே கேட்டார். உண்டு சார் என்றாள். போனை வைத்துவிட்டார்.

ஒவ்வொரு தயாரிப்பிலும் சில குப்பிகளை ஆழ்குளிரில் உறையவைத்துச் சேமித்திருப்போம், சிலதைச் சாதாரணக் குளிர்பெட்டியில். இரண்டையும் எடுத்துக்கொண்டு சிவப்பு அறைக்குள் போனோம். உறையவைத்தது தாளில் இருந்தபடியே இருந்தது. குளிர்பெட்டியில் இருந்தது நன்றாக இறங்கியிருந்தது. திரும்பப் பார்த்தோம். அதேதான். சார் ஸ்டூலில் உட்கார்ந்து, "சாமி, லைட் போடு" என்றார். அந்த அறையில் அவர் வெள்ளை விளக்கைப் போடச் சொன்னது அன்று ஒருநாள்தான். குப்பிகள் எல்லாம் திறந்தே கிடந்தன.

முதலாளி, சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்றார். லேபிளில் தவறு என்று ஏதாவது சொன்னால் போதுமாம். சார் தன் இடத்துக்கு வந்து, ஒவ்வொரு லேப்பாகக் கூப்பிட்டார். எங்கள் பொருள் கெட்டது, ஃபாக்டரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள், இந்த நாட்களில் மஞ்சள் பார்த்த குழந்தைகளின் விவரத்தை டாக்டரிடம் காட்டுங்கள் என்று அதே வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். நான் கொடுக்கவில்லை. எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், ஒரு வாடகை வீடு. அதைப் பற்றிச் சார் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஷைனியின் ஆஸ்பத்திரிக்கு நாங்களே போனோம். அவள் பழைய முடிவுகளை ஏற்றாத ஃபாக்டரில் மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு குழந்தையிடம் வந்ததும் கை நின்றது. பிறந்து சில நாளே ஆன ஆண் குழந்தை. ரத்தம் மாற்ற வேண்டிய அளவு என்று அவள் இயந்திரம் சொல்லியிருந்தது. ரத்தம் மாற்றிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுபோன குழந்தை அது. உண்மையான அளவு, விளக்கிலேயே தணியக்கூடியது.

குழந்தை டாக்டர் நல்ல மனிதர். எங்களைத் திட்டவில்லை. "வேறு காரணமும் இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்த எண் அன்று என் கையில் இருந்திருந்தால் ரத்தம் மாற்றியிருக்க மாட்டேன்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார்.

குழந்தையின் அம்மா பெயர் செல்வி. தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். புருஷன் பாண்டி மட்டாஞ்சேரியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறவன். தாயின் ரத்த வகையும் குழந்தையின் ரத்த வகையும் ஒத்துப்போகவில்லை என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மாமியார், இவள் ரத்தமே விஷம், வயிற்றிலேயே பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று வீதியெல்லாம் சொல்லி அவளை வெளியே அனுப்பிவிட்டாளாம். தோப்பும்படியில் அக்கா வீட்டில் இருக்கிறாள். இதையெல்லாம் ஷைனி அழுதுகொண்டே சொன்னாள்.

"சாமி, நீ கூட வரணும். என் தமிழ் போராது. தப்பா மனசிலாக்கக் கூடாது" என்றார் சார். அப்போது அவர் எனக்கு மேலதிகாரி இல்லை. ஆனாலும் போனேன். எனக்கு விருப்பம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரியாமலே இருந்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன நஷ்டம் என்று வழி நெடுக எனக்குள் வாதாடிக்கொண்டே போனேன்.

ஐஸ் பிளான்ட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. செல்வி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், சின்னப் பெண். சார் ஆரம்பித்தார், திக்கினார். மிச்சத்தை நான் சொன்னேன். நாங்கள் செய்த பொருள் கெட்டுப்போய்விட்டது, அதனால் மெஷின் தப்பாகக் காட்டியது, அந்தத் தப்பை நம்பித்தான் குழந்தைக்கு ரத்தம் மாற்றினார்கள் என்று சொன்னேன்.

"அப்ப எம்புள்ளைக்கு ரத்தம் மாத்த வேண்டியதே இல்லையா?" என்று கேட்டாள்.

"வேண்டியிருந்தில்ல. லைட்டில வச்சா போதுமாயிருந்து" என்றார் சார்.

அக்காக்காரி எழுந்து நின்றாள். "செத்த புள்ளைய இன்னொருக்காச் சாகடிக்கவா வந்தீக? எந்திரிங்க, போங்க."

"இரு அக்கா" என்றாள் செல்வி. சாரின் பக்கம் திரும்பினாள். "எம் ரத்தம் சேராதுன்னாங்களே, அதுவும் பொய்யா?"

பொய் இல்லை. அவள் ரத்தத்துக்கும் குழந்தையின் ரத்தத்துக்கும் ஒத்துப்போகாததால்தான் மஞ்சள் வந்தது. எத்தனையோ குழந்தைகளுக்கு வந்து விளக்கிலேயே போய்விடுகிற மஞ்சள். சார் அதை ஒளிக்காமல் சொன்னார். எது எவ்வளவு என்று பிரித்துப் பிரித்து, அவளுக்குப் புரிகிறதா என்று கேட்டுக் கேட்டுச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கிட்டச் சொன்னாப் போதாது. அந்த வீட்ல வந்து சொல்லுங்க."

பாண்டி வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது சாரிடம், ரத்தம் சேராத விஷயத்தை அங்கே எடுக்க வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "முழுசும் பறையணும் சாமி. பாதி பறைஞ்சா அது வேற ஒரு பொய்" என்றார். வாழ்நாள் முழுக்கப் பாதி எதையும் ஏற்காத மனுஷனிடம் நான் என்ன வாதாடுவது?

பாண்டியின் வீட்டு வாசலில் அவன் அம்மா கீரைக் கட்டுகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். செல்வியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். செல்வி படியேறவில்லை. சார் வாசலில் நின்று கையைக் கூப்பிக்கொண்டு முழுவதையும் சொன்னார். பொருள் கெட்டது, மெஷின், ஃபாக்டர், ரக்தக் குரூப்பு மாறியது, அதனால் வந்த மஞ்சள், அது வேறு இது வேறு என்று ஒன்றையும் விடவில்லை. பதற்றத்தில் பாதிக்கு மேல் மலையாளமாகிவிட்டது.

மாமியார் என் பக்கம் திரும்பினாள். "என்னய்யா சொல்றாரு இவரு? ரத்தம் மாறிக்கிருச்சுன்னு என்னமோ சொன்னாரே. அதத்தானே நானும் சொல்றேன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முழுசும் சொன்னால் இந்த அம்மாள் எதை எடுத்துக்கொண்டு எதைத் தூக்கிப் போடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

"உங்க மருமக ரத்தத்துல ஒரு குத்தமும் இல்லம்மா" என்றேன். "நாங்க பண்ணின சரக்கு கெட்டது. அதனாலதான் புள்ளை போச்சு. வேற ஒண்ணும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கார்."

சாருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். நான் விட்டது எது என்று அந்த வாசலில் என்னைத் தவிர இரண்டு பேருக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தார். பிறகு செல்வியைப் பார்த்தார். அவள் கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதே" என்றார் சார். "அவ்வளவுதான்."

நான் செய்தது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. தோன்றவே போவதில்லை.

மாமியார் தெளித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். யாரையும் பார்க்காமல், "உள்ள வாத்தா" என்றாள்.

செல்வி அசையவில்லை. உள்ளே நிலைக்கதவில் சாய்ந்திருந்த பாண்டியிடம், "தொட்டி கட்டுன சேல என்னுது. அத எடுத்துக் குடு" என்றாள்.

வாசலிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. உத்திரத்தில் அந்தத் தொட்டில் சேலை இன்னும் கட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. பாண்டி ஸ்டூலைப் போட்டு ஏறினான். முடிச்சு இறுகிப் போயிருந்ததால் கையால் முடியாமல் பல்லால் கடித்து இழுத்தான். அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் வாங்கி, அங்கேயே நின்று, ஓரம் சேர்த்து மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.